'பை', 'அன்டில்' குழப்பம்: எனக்குக் கைகொடுத்த வழி

'வரை', 'க்குள்' என்று தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் 'பை' (by) வர வேண்டிய இடத்தில் 'அன்டில்' (until) போடும் தவறு வருகிறது. வினையைப் பார்த்து முடிவெடுக்கத் தொடங்கியதும் எனக்குச் சரியானது. அனுப்புவது, முடிப்பது, பணம் கட்டுவது என ஒரே தடவையில் முடிகிற வேலைக்குக் கெடு சொன்னால் 'பை'. காத்திருப்பது, தங்குவது என நீடிக்கிற வேலைக்கு 'அன்டில்'. 'சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இரு என்றாகிவிடும்.

'க்குள்' வந்தால் அது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். கிழமை, தேதி, மணி என்றால் 'பை ஃப்ரைடே'. மூன்று நாள் என்பது போலக் கால அளவு என்றால் 'வித்தின் த்ரீ டேஸ்'.

ரொம்பவும் சறுக்குகிற இடம் 'நான் இங்கே இருக்கும் வரை'. இதை 'அன்டில் ஐ ஆம் ஹியர்' என்று எழுதினால், 'நான் இங்கே வந்து சேரும் வரை' என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பொருளே தலைகீழ்! 'ஆஸ் லாங் ஆஸ் ஐ ஆம் ஹியர்' என்பதே சரி. 'இருக்கும் வரை'க்குப் பதில் 'இருக்கும் காலமெல்லாம்' என்று போட்டுப் பாருங்கள்; பொருந்தினால் அங்கே 'அன்டில்' கூடாது.

'டில்', 'அன்டில்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எழுத்தில் மட்டும் 'டில்'லுக்கு இரண்டு எல், 'அன்டில்'லுக்கு ஒன்று.