அந்தி வானத்தில் விழுந்த பட்டைகள்: நான் சரிசெய்த விதம்

மாலை வானத்தைப் படமெடுத்து, எடிட்டிங் ஆப்பில் டீஹேஸை (மங்கலை நீக்கும் ஸ்லைடர்) கூட்டியதும் நீலம் ஆரஞ்சாக மாறும் இடத்தில் படிக்கட்டு போலப் பட்டைகள் விழுந்தன. லென்ஸில் குறை இல்லை. ஜேபெக் ஃபைலில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். எடிட்டில் அதிகம் இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி தெரியத்தான் செய்யும். கேமரா பதிவுசெய்த தகவலை வைத்திருக்கும் 12 பிட் ரா ஃபைலில் 4096 படிகள்.

போன் கேமராவை ப்ரோ மோடுக்கு மாற்றி ராவை ஆன் செய்தேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100; படம் சற்று இருட்டாக விழ எக்ஸ்போஷர் -0.7. இது முக்கியம்: வானம் ஒருமுறை வெளுத்துப்போனால் எந்த ஸ்லைடராலும் மீட்க முடியாது. எடிட்டில் முதலில் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), பிறகு ஹைலைட்ஸ் (வெளிச்சப் பகுதி) -40, ஷேடோஸ் (நிழல் பகுதி) +25. வானத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் போட்டு, டீஹேஸை 10-க்குள் நிறுத்தினேன். அப்புறமும் லேசாகத் தெரிந்ததை கிரெயின் 12 மறைத்தது. அந்த நுண்புள்ளிகள் பட்டையின் விளிம்பைக் கலைத்துவிடும்.

சேமிக்கும்போது ஜேபெக் தரம் 90-க்குக் கீழே வேண்டாம். கருத்துக் கேட்டு சாட் ஆப்பில் புகைப்படக் குழுவுக்கு அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்; சாதாரணப் படமாகப் போனால் ஆப் மறுபடி சுருக்கி, பட்டை திரும்பிவிடும். எடிட் செய்யாத படத்தையும் கூடவே போடுங்கள். எந்தக் கட்டத்தில் கெட்டது என்று பார்ப்பவர்கள் அப்போதுதான் சொல்ல முடியும்.