சிவப்பு எரிந்தால் எதையும் அழிக்காதீர்கள்: ஃப்ரீகேடில் ஸ்கெட்ச் சிக்கலை அவிழ்க்கும் வழி

மோட்டார் உட்காரும் 24 பேஸ் பிளேட். 8 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகடு, லேசரில் வெட்டிப் பளிச்சென்று வந்து இறங்கியிருந்தது. மோட்டாரைத் தூக்கி வைத்தால் நான்கு போல்ட்டில் மூன்றுதான் இறங்கியது. நான்காவது ஸ்லாட், அதாவது போல்ட் நகர இடம் விடும் நீள்துளை, 3 மி.மீ. தள்ளி நின்றது. 24 தகட்டிலும் அதே ஸ்லாட், அதே 3 மி.மீ. ட்ராயிங் நான் போட்டது.

அன்று இரவு, ட்ராயிங் போடும் மென்பொருளான ஃப்ரீகேடில் ஃபைலைத் திறந்து உட்கார்ந்தேன். காரணம் புரியப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கெட்ச், அதாவது தகட்டின் கோட்டு வடிவம், போடும்போது நடுவில் ‘ரிடண்டன்ட்’ (தேவைக்கு மேல்) என்று மெசேஜ் வந்திருந்தது. அவசரத்தில் கன்ஸ்ட்ரெய்ன்ட் (வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் அளவு, நிபந்தனை) பட்டியலில் கைக்கு எட்டிய ஒன்றை அழித்தேன், மெசேஜ் போகவில்லை. இன்னொன்றை அழித்தேன், போய்விட்டது. முதலில் அழித்ததைத் திரும்பப் போடவே இல்லை. அது அந்த நான்காவது ஸ்லாட்டின் 50 மி.மீ. அளவு. பிடிமானம் இல்லாமல் நின்ற ஸ்லாட்டை எப்போதோ மவுஸ் இழுத்திருக்கிறது. எம்8 போல்ட், 9 மி.மீ. ஸ்லாட், மோட்டார் காலில் 10 மி.மீ. துளை: எல்லாத் தளர்வையும் கூட்டினாலும் பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ.தான் தாங்கும். 3 மி.மீ. தாங்காது.

அதற்குப் பிறகு கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சிக்கல் வந்து மெசேஜ் சிவப்பானதும் “அக்கா, செவப்பாயிருச்சுங்க” என்று கூப்பிடுவார்கள். “கையை எடு, ஒண்ணும் அழிக்காதே, வர்றேன்” என்பேன். கன்ஸ்ட்ரெய்ன்ட் என்பதை நாங்கள் ‘கட்டு’ என்றே சொல்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எண்ணப் பழகுங்கள்

ஸ்கெட்சில் ஒவ்வொரு பொருளுக்கும் அசைய இத்தனை வழி என்று ஒரு கணக்கு உண்டு. அதைத்தான் சால்வர் (கட்டுகளைக் கணக்குப் போட்டுத் தீர்க்கும் பகுதி) மெசேஜில் டிஓஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) என்று எண்ணாகக் காட்டுகிறது. புள்ளிக்கு 2. கோட்டுக்கு இரண்டு முனை, ஆகவே 4. வட்டத்துக்கு மையம் 2, ஆரம் 1, மொத்தம் 3. ஆர்க்குக்கு (வட்டத்தின் ஒரு துண்டு) அதோடு தொடக்கக் கோணம், முடிவுக் கோணம் சேர்ந்து 5.

ஒவ்வொரு கட்டும் இதில் சிலவற்றைக் கழிக்கும். ஹரிசான்டல் (படுக்கை), வெர்டிகல் (செங்குத்து), ஈக்வல் (சமம்), பேரலல் (இணை), பாயின்ட் ஆன் ஆப்ஜெக்ட் (புள்ளி கோட்டின் மேல்), எந்த ஒரு அளவும் தலா 1. கோஇன்சிடென்ட் (இரு புள்ளி ஒன்றாவது) 2. சிமெட்ரிக் (இருபுறமும் சமதூரம்) 2. முனையோடு முனை டேன்ஜென்ட் (தொட்டுச் செல்வது) 3, ஏனென்றால் அதற்குள்ளேயே கோஇன்சிடென்டும் இருக்கிறது.

செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோடு, 16. நான்கு மூலையில் கோஇன்சிடென்ட் 8 கழிகிறது. இரண்டு ஹரிசான்டல், இரண்டு வெர்டிகல் சேர்ந்து 4 கழிகிறது. மிச்சம் 4: நீளம், அகலம், இருக்கும் இடத்தின் எக்ஸ், ஒய். ரெக்டாங்கிள் கருவியில் வரைந்தவுடன் ஃப்ரீகேட் 4 என்று காட்டுவது இதனால்தான். இதை ஒரு வாரம் வாய்விட்டு எண்ணினால் போதும். அடுத்து போடப்போகிற கட்டு எண்ணை எத்தனை குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 2 குறைய வேண்டிய இடத்தில் 1 குறைந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

எண் பூஜ்யத்துக்கு வராமல் நின்றால்

இது எளிது. டிஓஎஃப் எண்ணின் மேல் கிளிக் செய்தால் இன்னும் பிடிபடாத கோடுகளையும் புள்ளிகளையும் ஃப்ரீகேட் தானே தேர்ந்தெடுத்துக் காட்டும். அதன் பிறகு அவற்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கம்தான் கட்டு இல்லை. பார்த்ததும் கன்ட்ரோல் இசட் போட்டு இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள், இழுத்த இடத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

எண் பூஜ்யமானால் ஸ்கெட்ச் பச்சையாகும். அப்படிப் பச்சையாக்க வேண்டும் என்பதற்காக பிளாக் கட்டைப் போட்டு நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. பிளாக் போட்டால் அந்தக் கோடு இப்போது இருக்கும் இடத்தில் உறைந்துவிடும். அந்த இடம் ஏன் என்று ட்ராயிங்கில் எங்கும் பதில் இருக்காது.

ரிடண்டன்ட்: ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள்

கட்டு என்பது உள்ளே ஒரு சமன்பாடு. ஏற்கனவே சொன்ன சமன்பாட்டையே வேறு வார்த்தையில் இன்னொரு முறை சொன்னால் அது ரிடண்டன்ட். எங்கே இரண்டு முறை சொன்னோம் என்பது கண்ணுக்கு உடனே தெரியாது, அதில்தான் சிரமம்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி பார்ப்பது இது. ஒரு படுக்கைக் கோடு, ஹரிசான்டல் போட்டாகிவிட்டது. அதன் இரு முனைகளையும் ஒய் அச்சுக்கு இருபுறம் சிமெட்ரிக் ஆக்குகிறார்கள். சிமெட்ரிக் இரண்டு விஷயம் சொல்கிறது: இரு முனையும் அச்சிலிருந்து ஒரே தூரம், இரு முனையும் ஒரே உயரம். ஒரே உயரம் என்பதை ஹரிசான்டல் ஏற்கனவே சொல்லிவிட்டது. ஹரிசான்டலை எடுத்துவிடுங்கள், கோடு படுக்கையாகவேதான் இருக்கும். ‘ஆட்டோ ரிமூவ் ரிடண்டன்ட்ஸ்’ டிக் செய்திருந்தால் மென்பொருளே எடுத்துவிடும். பழகுகிறவர்கள் அதை அணைத்து வையுங்கள் என்பது என் கருத்து. எது போனது, ஏன் போனது என்று தெரியாமல் ஒரு கட்டு போகக்கூடாது.

செவ்வகத்தை நடுவில் வைக்க அச்சே வேண்டாம். எதிரெதிர் மூலைகள் இரண்டு, பிறகு அச்சுகள் சந்திக்கும் ஆரிஜின் புள்ளி, மூன்றையும் தேர்ந்தெடுத்து சிமெட்ரிக். 2 கழியும், மோதல் வராது.

அடுத்தது ஸ்லாட். கையால் வரைந்தால் இரண்டு ஆர்க், இரண்டு கோடு: 10ம் 8ம் 18. நான்கு முனையிலும் டேன்ஜென்ட், 12 கழிந்து மிச்சம் 6. இரண்டு ஆர்க்கையும் ஈக்வல் ஆக்கினால் 5. மேல் கோட்டை ஹரிசான்டல் ஆக்கினால் 4. இப்போது கீழ்க் கோட்டுக்கும் ஹரிசான்டல் போட்டுப் பாருங்கள், ரிடண்டன்ட் என்று வரும். இரண்டு ஆரமும் சமம், கோடுகள் இரண்டையும் தொட்டுச் செல்கின்றன என்றால் அவை இணையாகத்தான் இருக்க முடியும். கீழ்க் கோடு படுத்திருப்பது ஏற்கனவே முடிவாகிவிட்ட விஷயம். இரண்டு கோட்டையும் முதலில் ஹரிசான்டல் ஆக்கியிருந்தால் ஈக்வல் ரிடண்டன்ட் ஆகியிருக்கும்.

டேன்ஜென்டிலேயே ஒரு சங்கதி உண்டு. முனைகளை கோஇன்சிடென்ட் செய்துவிட்டு, பிறகு கோட்டையும் ஆர்க்கையும் தேர்ந்தெடுத்து டேன்ஜென்ட் போட்டால், தொடும் இடத்தில் இரண்டு சமன்பாடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சால்வர் தடுமாறும். இரண்டு முனைப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து டேன்ஜென்ட் போடுவதுதான் முறை. புதிய பதிப்புகள் தாமே கோஇன்சிடென்டை நீக்கி இப்படி மாற்றிக்கொண்டு, மாற்றியதாகச் செய்தியும் காட்டும். பழைய ஃபைல் கைக்கு வந்தால் இதை முதலில் பாருங்கள்.

தப்பான ஒன்றை எடுக்காமல் இருக்க

மெசேஜ் வந்தவுடன் நான் செய்வது இதுதான். கட்டு போடுவதற்கு முன் டிஓஎஃப் எத்தனை என்று தாளில் குறித்துவைப்பேன். மெசேஜில் உள்ள எண்களைக் கிளிக் செய்தால் சம்பந்தப்பட்ட கட்டுகள் தேர்வாகும். ஆனால் மென்பொருள் விரல் நீட்டும் கட்டுதான் குற்றவாளி என்று இல்லை. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் கட்டுகளின் சுற்றில் உள்ள ஏதோ ஒன்றைத்தான் அது காட்டுகிறது.

பிறகு சந்தேகப்படும் கட்டை அழிக்காமல், வலது கிளிக் செய்து டீஆக்டிவேட் செய்வேன். மெசேஜ் போகவில்லையா? எடுத்தது தப்பு. அடுத்ததைத் தொடுவதற்கு முன் அதை உடனே ஆக்டிவேட் செய்ய வேண்டும். அன்று நான் செய்யத் தவறியது இந்த ஒரு காரியம்தான். மெசேஜ் போய், டிஓஎஃப் தாளில் குறித்த எண்ணைவிட ஏறாமல் இருந்தால், எடுத்தது சுற்றில் உள்ள ஒன்று.

சுற்றில் மூன்று நான்கு இருந்தால் எதை எடுப்பது? ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் வைத்து எதை அளப்பார்கள் என்று யோசிப்பேன். அளக்கிற அளவு இருக்கட்டும், மற்றது போகட்டும். போகிற அளவும் கண்ணில் தெரிய வேண்டுமென்றால் அழிக்காமல் ரெஃபரன்ஸ் அளவாக மாற்றுங்கள். அது அளந்து மட்டும் காட்டும், எதையும் கட்டாது.

கான்ஃப்ளிக்ட்

தகட்டின் நீளம் 200. துளைகளுக்கு நடுவே 125. இரண்டு ஓரத்திலிருந்தும் 37.5. கூட்டினால் 200 சரியாக வருகிறது, ஆனாலும் ரிடண்டன்ட், மூன்று தெரிந்தால் நான்காவது தானே தெரியும். இதை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை 220 ஆக்கினால் கூட்டல் பொய்யாகி கட்டுகள் ஒன்றோடொன்று மோதி கான்ஃப்ளிக்ட் ஆகிவிடும். அவிழ்க்கும் முறை மேலே சொன்னதேதான்.

கோடு மடிந்து புரண்டால்

ஒரு அளவு மாற்றியதும் வடிவம் முழுக்கக் குப்புற விழுந்துவிடும். அளவெல்லாம் சரியாக இருக்கும், வடிவம் தப்பாக இருக்கும். சால்வர் எண் கணக்காகத் தேடுகிறது, கோடுகள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி நெருங்கி நெருங்கிப் போகிறது. 2000 மி.மீ.க்கு வரைந்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் 20 என்றால் மற்ற பக்கங்கள் தாண்டி விழுகின்றன. கிட்டத்தட்ட உண்மை அளவில் வரையுங்கள், பெரிய அளவை முதலில் போடுங்கள், பெரிய மாற்றத்தை இரண்டு மூன்று படியாகச் செய்யுங்கள். 0 என்று அளவு போடாதீர்கள். அந்த இடத்துக்கு கோஇன்சிடென்ட் அல்லது பாயின்ட் ஆன் ஆப்ஜெக்ட் இருக்கிறது.

பாயின்ட் ஆன் ஆப்ஜெக்ட் என்பதிலும் ஒரு எச்சரிக்கை: ஒரு கோட்டின் மேல் புள்ளியைக் கட்டினால், கோடு முடிந்த பிறகும் அதன் நீட்சி முழுக்கவும் கட்டுதான். புள்ளி கோட்டுக்கு வெளியே போய் நின்றாலும் சால்வர் புகார் சொல்லாது.

பச்சைதான், ஆனால் பேட் (ஸ்கெட்சுக்குத் தடிமன் ஏற்றுவது) ஆகவில்லை

மூலையில் இரண்டு முனை ஒட்டியிருப்பது போலத் தெரியும், கட்டு இருக்காது. வேறு மென்பொருளில் வரைந்து டிஎக்ஸ்எஃப் ஃபைலிலிருந்து கொண்டுவந்த ஸ்கெட்சில் இது ஏராளம். ஸ்கெட்சை மூடிவிட்டு ஸ்கெட்ச் மெனுவில் வேலிடேட் ஸ்கெட்ச் திறந்து, விடுபட்ட கோஇன்சிடென்ட்களைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்துக் காட்டும், ஃபிக்ஸ் அழுத்தினால் சேர்த்துவிடும். திறந்திருக்கும் முனைகளைக் காட்டும் பொத்தானும் அங்கேயே உண்டு. ஒரே கோடு இரண்டு முறை ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கிறதா என்பதையும் இழுத்துப் பாருங்கள்.

சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு நிறம்தான் வேறு. அங்கே கட்டாதது நீலம், முழுக்கக் கட்டியது கறுப்பு. எண்ணும் கணக்கும் அவிழ்க்கும் முறையும் ஒன்றே.

அந்தத் தகட்டை இப்போது எப்படிப் போடுகிறேன்

மோட்டார் ஐஇசி 80 ஃப்ரேம் (சர்வதேசத் தர அளவு). காலில் துளைகள் 125க்கு 100. பெல்ட்டை இழுத்துக் கட்ட ஒவ்வொரு ஸ்லாட்டும் 40 மி.மீ. ஓட வேண்டும். தகடு 200க்கு 150.

வெளிச் செவ்வகம், மூலைகள் ஆரிஜினுக்கு சிமெட்ரிக், இரண்டு அளவு: பூஜ்யம். உள்ளே கன்ஸ்ட்ரக்‌ஷன் கோட்டில் (துணைக்கு மட்டும், வெட்டப்படாது) இன்னொரு செவ்வகம், அதேபோல சிமெட்ரிக், 125, 100: பூஜ்யம். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இரண்டு ஆர்க் மையங்களை எடுத்து, உள் செவ்வகத்தின் மூலைக்கு இருபுறமும் சிமெட்ரிக் செய்கிறேன். ஸ்லாட்டின் 5ல் 2 போயிற்று. ஒரு கோட்டுக்கு மட்டும் ஹரிசான்டல், மிச்சம் 2. முதல் ஸ்லாட்டில் கோட்டு நீளம் 40, ஆரம் 4.5. மற்ற மூன்றுக்கும் அளவே போடுவதில்லை, கோட்டோடு கோடு, ஆர்க்கோடு ஆர்க் ஈக்வல்.

முடித்ததும் 200ஐ 220 ஆக்கிப் பார்க்கிறேன். ஓரம் மட்டும் விலக வேண்டும், ஸ்லாட்டுகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகு 125ஐ 140 ஆக்குகிறேன், அது 90 ஃப்ரேமின் அளவு. நான்கு ஸ்லாட்டும் ஒன்றாக விலக வேண்டும், ஒன்று பின்தங்கக் கூடாது. இரண்டும் நடந்தால் கன்ட்ரோல் இசட் இரண்டு முறை, பிறகுதான் லேசருக்கு ஃபைல் போகிறது.