ஆரஞ்சு தோலைச் சர்க்கரையோடு தேயுங்கள்

ஆரஞ்சு, ஏலக்காய் போட்டு ஈஸ்ட் பன் செய்யும்போது, துருவிய தோலை நேராக மாவில் கொட்டாதீர்கள். 250 கிராம் மைதாவுக்கு ஒரு பழத்தின் தோல், 3 மேசைக்கரண்டி சர்க்கரை, பொடித்த 6 ஏலக்காய். மூன்றையும் விரல் நுனியால் 2 நிமிடம் தேய்த்துவிட்டு அப்புறம் மாவில் சேருங்கள். வாசனை முழுக்கத் தோலில் உள்ள குட்டி எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. சர்க்கரையின் கரகரப்பு அவற்றை உடைக்கும். கசியும் எண்ணெயைச் சர்க்கரையே பிடித்துக்கொள்ளும். ஈர மணல் போலாகி, கையெல்லாம் மணந்தால் சரி. எசென்ஸ் வாங்க வேண்டியதே இல்லை.

வெள்ளைப் பகுதி வரை துருவினால் கசக்கும். காய்ந்த தோலுக்கு இது பலிக்காது, அதில் எண்ணெய் போயிருக்கும். பட்டைத்தூளையும் இதோடு சேர்க்க வேண்டாம். மாவில் அதிகம் கலந்தால் ஈஸ்ட் மந்தமாகும். பட்டைத்தூளை, தேய்த்துப் பரப்பிய மாவின் மேல் தூவிச் சுருட்டிக்கொள்ளுங்கள்.