ஒருவரை அவருடைய செயலைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது எப்படி?

ஒருவர் மீது கோபம் வரும்போது, அவர் என்ன செய்தார் என்பதை நிறத்தையோ இனத்தையோ குறிப்பிடாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "வரிசையில் முந்தினார்", "வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லை" என்று சொல்லி முடித்த பின்னும் இனப்பெயரைச் சேர்க்க மனம் விரும்பினால், உங்கள் கோபம் அந்தச் செயலின் மீது மட்டும் எழுந்ததல்ல.

அடுத்து, அதே செயலை உங்கள் இனத்தவர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; கடினமான படி இதுவே. தம்மவரின் தவறுக்குச் சூழ்நிலையையும் பிறரின் தவறுக்குப் பிறவிக் குணத்தையும் காரணமாகக் காட்டும் போக்கை, சமூக உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1979இல் விரிவாக விளக்கினார். நல்ல செயல்களில் இது தலைகீழாக வேலை செய்கிறது: பிறர் நன்மை செய்தால் அதை விதிவிலக்கு என்று ஒதுக்குகிறோம். "நீங்கள் உங்கள் ஆட்களைப் போல இல்லை" என்ற பாராட்டும் என் பார்வையில் ஒரு வசைதான்.

இன வசைச்சொல்லை நண்பர் சொன்னால் விளையாட்டு என்றும், அந்நியர் சொன்னால் வெறி என்றும் இரட்டை அளவுகோல் வைக்காதீர்கள். கண்டிக்கும்போது, சொன்னவரின் இனத்தை இழுக்காமல் அவர் சொன்னதை மட்டும் கண்டியுங்கள்.