ஹவெல்ஸ் நாவல்களை எப்படிப் படிப்பது: வீட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள், கம்பசில் படித்தாலும் சரி வெளிவாரியாகப் படித்தாலும் சரி, அமெரிக்க யதார்த்தவாதம் (அன்றாட வாழ்க்கையை உள்ளபடியே எழுதுகிற போக்கு) என்று வந்ததும் முதலில் தேடுவது நோட்ஸைத்தான். வில்லியம் டீன் ஹவெல்ஸ், 1837இல் ஒஹையோவில் பிறந்தார், தகப்பனின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து வளர்ந்தார், 'அட்லாண்டிக் மன்த்லி' ஆசிரியராக இருந்தார், 1920இல் காலமானார் என்று அரைப் பக்கத்தைப் பாடமாக்கிவிட்டு நாவலைத் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இவருடைய கதைகளில் நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விசயங்கள்: யார் வீட்டுக்கு யார் முதலில் போவது, விருந்துக்கு எதை உடுத்துவது, எந்தச் செலவை யார் தலையில் போடுவது. சுருக்கம் எழுதுகிறவர் முதலில் தூக்கி எறிவது இவற்றைத்தான்.

தொடங்க வேண்டிய நாவல் 'த ரைஸ் ஒஃப் சைலஸ் லஃபம்', 1885. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாக இருக்கிறது, போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். மொத்தம் 27 அத்தியாயங்கள். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். முதலில் இது 'செஞ்சுரி' என்ற மாத இதழில் 1884 நவம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை தொடர்கதையாக வந்தது. அதே இதழில் 1885 பெப்ரவரியில் மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' பகுதியும் ஹென்றி ஜேம்ஸின் 'த பொஸ்ரோனியன்ஸ்' தொடக்கமும் கூடவே வந்தன, ஒரே இதழில் மூன்று பேர், நினைத்துப் பாருங்கள். நீங்களும் கிழமைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொப்பி எடுத்து, வீடும் காசும் வருகிற இடங்களையெல்லாம் பக்க இலக்கத்தோடு எழுதிக்கொண்டே போங்கள். லஃபம் வெர்மொன்ற் கிராமத்தான். காற்றில் சாய்ந்த மரத்தின் வேர்க்குழியில் தகப்பன் கண்டெடுத்த மண்ணிலிருந்து பெயின்ற் செய்து பணக்காரனாகி, பொஸ்ரனில் பெரிய மனிதர்கள் இருக்கிற தெருவில் வீடு கட்டத் தொடங்குகிறார். இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களை மேல்வட்டத்தில் பழகவிட வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. பெண்பிள்ளைக்கென்று அத்திவாரம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் கல்லும் சீமெந்தும் எண்ணுகிற தகப்பன்மாரை களுவாஞ்சிகுடியிலிருந்து அக்கரைப்பற்று வரை பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பகுதியை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: லஃபம் கட்டுவது சீதன வீடு இல்லை, தானும் குடும்பமும் குடியேறி ஊருக்குத் தங்களைக் காட்டப்போகிற வீடு. நம்முடைய வழக்கத்தை அங்கே ஏற்றிப் படித்தால் பொஸ்ரனின் பழைய குடும்பம், புதுப்பணம் என்ற பிளவு கண்ணில் படாது.

கட்டுகிற வீட்டில் விழுந்து கிடக்கிற மரச்சீவல்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். பொஸ்ரனின் பழைய குடும்பங்களில் ஒன்றான கோரி குடும்பத்துப் பையன் ரொம் ஒரு சீவலை எடுத்து இளையவள் ஐரீனிடம் நீட்டுகிறான், அவள் அதை ரிபன் கட்டிப் பத்திரப்படுத்துகிறாள். அவனோ விரும்புவது மூத்தவள் பெனலப்பியை. உண்மை தெரிந்ததும் ஐரீன் அந்தச் சீவலைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துவிடுகிறாள். பிறகு ஒரு நாள் லஃபம் புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்று பார்க்க அங்கே கிடந்த சீவல்களை வைத்து நெருப்பு மூட்ட, அன்றிரவே வீடு எரிந்து போகிறது, காப்புறுதி ஒரு கிழமைக்கு முன்தான் முடிந்திருக்கிறது. ஹவெல்ஸ் இதையெல்லாம் குறியீடு என்று கோடு போட்டுக் காட்டமாட்டார். நீங்களே கண்டுபிடித்தால்தான் விடைத்தாளில் சொந்தமாக எழுத ஏதாவது இருக்கும்.

அப்புறம், நாவலுக்குள்ளேயே நாவல்களைப் பற்றி நடக்கிற வாதம். கோரி வீட்டு விருந்தில் கண்ணீர் பிழியும் ஒரு கதைப்புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்த விருந்தில்தான் குடித்துப் பழக்கமில்லாத லஃபம் வைன் குடித்துவிட்டு அளவுக்கு மீறிப் பெருமையடிக்கிறார், அதை மெதுவாகப் படியுங்கள், படிக்கிற நமக்கே கூச்சமாக இருக்கும். தங்கைக்காகக் காதலை விட்டுவிடப் பெனலப்பி நினைக்கும்போது பாதிரியார் சூவெல் பெற்றோரிடம் சொல்வது, குற்றமில்லாத மூன்று பேர் வேதனைப்படுவதைவிட ஒருவர் வேதனைப்படுவது மேல், வீண் தியாகத்தை உயர்வென்று கற்றுக்கொடுத்தது நாவல்களே என்று. என் பார்வையில் யதார்த்தவாதத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த நோட்ஸிலும் இல்லை. இதைப் படித்த பிறகு அவருடைய 1891ஆம் ஆண்டுக் கட்டுரைநூல் 'கிரிட்டிசிசம் அன்ட் ஃபிக்‌ஷன்' பக்கம் போனால் சுலபமாகப் புரியும். முதலில் அதைத் தூக்கினால் தூக்கம்தான் வரும்.

லஃபமைப் பேட்டி எடுக்க முதல் அத்தியாயத்தில் வருகிற பத்திரிகைக்காரன் பார்ட்லி ஹபர்ட், மூன்று வருடம் முந்திய 'எ மொடர்ன் இன்ஸ்டன்ஸ்' நாவலின் நாயகன். மணமுறிவைப் பற்றிய அந்த நாவலை இரண்டாவதாகப் படிக்கலாம், அவசரமில்லை.

ஆனால் 1890இல் வந்த 'எ ஹஸார்ட் ஒஃப் நியூ ஃபோர்ச்சூன்ஸ்' நாவலை விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்ததைப் பற்றிய சிக்காகோ ஹேமார்க்கெற் வழக்கில் தூக்குத்தண்டனை பெற்றவர்களுக்காக 1887 நவம்பரில் 'நியூயோர்க் ரிபியூன்' பத்திரிகையில் பகிரங்கமாகக் கடிதம் எழுதியவர் ஹவெல்ஸ். நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு எழுதிய இந்த நாவலில் நியூயோர்க் தெருவண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் வருகிறது, சண்டையை விலக்கப் போன ஒரு பையன் சுடப்பட்டுச் சாகிறான். 1930இல் நோபல் பரிசு உரையில் அமெரிக்க நாவலாசிரியர் சின்க்ளேர் லூயிஸ் ஹவெல்ஸைப் பக்திமிக்க கன்னிக்கிழவி போன்றவர் என்று ஏளனம் செய்தார். அந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நீங்கள் வேலைநிறுத்த அத்தியாயங்களைப் படித்து முடித்துவிட்டு, லூயிஸ் சொன்னது சரியா என்று உங்கள் கொப்பியில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.