வட இங்கிலாந்தில் கவுன்சில் வீடு: சாவி வாங்கும் முன்னும் பின்னும்

மான்செஸ்டரின் வித்தன்ஷா, நியூகாசிலின் பைக்கர் போல, பெரும்பாலான வீடுகள் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வீடுகளாகவோ லாப நோக்கமற்ற ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளாகவோ கட்டப்பட்ட குடியிருப்புகள் வட இங்கிலாந்தில் நிறைய உண்டு. தனியார் வாடகையைவிட அங்கே வாடகை குறைவு. குடியிருக்கும் உரிமையும் உறுதியானது. ஆனால் முதல் மாதத்தில் கையிலிருக்கும் காசு கரைந்துவிடும், முதல் குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சணம் படரும். இரண்டுக்கும் முன்கூட்டியே தயாராக இருக்கலாம்.

முதலில் விசாவைப் பாருங்கள். பொது நிதி (அரசின் நல உதவிகள்) பெறக்கூடாது என்ற நிபந்தனை வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் பொதுவாக இருக்கும். அப்படி இருந்தால் கவுன்சில் ஒதுக்கும் வீடு கிடைக்காது. அகதி அந்தஸ்து பெற்றவர்களும், பொதுவாக நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். பதிவு அந்தந்தப் பகுதியின் இணையதளத்தில் நடக்கும்: மான்செஸ்டருக்கு மான்செஸ்டர் மூவ், லிவர்பூல் பக்கம் ப்ராப்பர்ட்டி பூல் ப்ளஸ், நியூகாசில் வட்டாரத்துக்கு டைன் அண்ட் வியர் ஹோம்ஸ். காலியாகும் வீடுகள் அங்கே விளம்பரமாகும். பிடித்த வீட்டுக்கு 'பிட்' செய்யலாம், அதாவது விருப்பத்தைப் பதிவு செய்யலாம், அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. முதலில் உங்கள் தேவையின் 'பேண்ட்' (அவசரத்தைப் பொறுத்த பிரிவு), அடுத்து அந்தப் பேண்டில் சேர்ந்த தேதி என்ற வரிசையில்தான் பெரும்பாலும் வீடு ஒதுக்குவார்கள். ஆகவே மருத்துவக் கடிதம், இட நெருக்கடி, குழந்தை பிறப்பு என எது மாறினாலும் உடனே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் தவறான பேண்டில் கிடப்பவர்கள் அநேகம்.

படுக்கையறை எண்ணிக்கையில் ஆசைப்படாதீர்கள். வேலை செய்யும் வயதில் இருந்துகொண்டு யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் வாடகை உதவி பெறுபவர்களுக்கு ஓர் அறை கூடுதலாக இருந்தால் அந்த உதவியில் 14 சதவீதம் வெட்டு, இரண்டோ அதற்கு மேலோ கூடினால் 25 சதவீதம். 16 வயதுக்குக் கீழ் ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை என்றுதான் கணக்கு. 10 வயதுக்குக் கீழ் என்றால் ஆணும் பெண்ணும்கூட ஓர் அறைதான். கணவன், மனைவி, எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரு மகன்கள் கொண்ட குடும்பம் மூன்று அறை வீடு எடுத்தால் அந்த 14 சதவீதத்தை மாதாமாதம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

வெறும் வீடு

வீடு பார்க்கப் போகும்போது அளவு நாடாவும் கைபேசியும் கொண்டுபோங்கள். பெரும்பாலான வீடுகளில் தரைவிரிப்பு, திரைச்சீலை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எதுவும் இருக்காது. முந்தையவர் விட்டுப்போன நல்ல கார்பெட்டைக்கூடச் சில நிறுவனங்கள் கழற்றி எறிந்துவிடும். கார்பெட் கிடந்தால், அதை எடுக்காமல் விடும்படி அந்த இடத்திலேயே கேளுங்கள். பெரும்பாலும் பராமரிப்புப் பொறுப்பு உங்களுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

கார்பெட் பொதுவாக 4 மீட்டர், 5 மீட்டர் அகல ரோல்களில் வரும். 3.5 மீட்டருக்கு 3 மீட்டர் அறைக்கு 4 மீட்டர் அகல ரோலில் 3 மீட்டர் நீளம் வெட்டுவார்கள். 10.5 சதுர மீட்டர் தரைக்கு 12 சதுர மீட்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். கடைகளில் ரோலின் மிச்சத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், அளவைக் கையோடு வைத்திருந்தால்தான் வாங்க முடியும். மாடி வீட்டில் லாமினேட் போடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கீழ்வீட்டுக்குச் சத்தம் போகும் என்று பல இடங்களில் தடை.

அடுப்பு வாங்கும் முன் சமையலறையில் கேஸ் குழாய் இருக்கிறதா, மின் அடுப்புக்கான தனி இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இடைவெளியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கேஸ் அடுப்பை கேஸ் சேஃப் என்ற கேஸ் வேலையாளர் பதிவேட்டில் உள்ளவர்தான் இணைக்கலாம். அடுப்பும் கட்டிலும் வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் கவுன்சிலின் அவசர நல உதவியைக் கேளுங்கள். வாங்கும் முன்பே கேட்க வேண்டும், பில்லைக் காட்டிப் பின்னால் பணம் பெறுவது கடினம்.

மீட்டர்

சாவி வாங்கிய நாளிலேயே எல்லா மீட்டர்களின் எண்ணையும் அளவையும் படம் எடுங்கள். முன்பணம் செலுத்தும் மீட்டர் என்றால், உள்ளே கிடக்கும் பழைய மின்சாரச் சாவியிலோ கேஸ் அட்டையிலோ பணம் ஏற்றாதீர்கள். அதில் முந்தையவரின் கடன் பதிவாகியிருந்தால் நீங்கள் போடும் காசு அதற்கே போகும். மின்சார, கேஸ் நிறுவனத்தை அழைத்து, குடிவந்த தேதியைச் சொல்லி, உங்கள் பெயரில் புதுச் சாவியும் அட்டையும் வாங்குங்கள்.

கோடையில் கேஸ் தேவையில்லை என்று டாப்-அப் செய்யாமல் விடுவதுதான் பலரும் விழும் குழி. கேஸ் எரிக்காவிட்டாலும் நாள் கட்டணம் தினமும் ஏறிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் 20 பவுண்டு போட்டால் பெரும்பகுதி பழைய பாக்கிக்கே போய்விடும், ஹீட்டர் எரியாது. கோடையிலும் சிறுதொகை போட்டு வையுங்கள்.

பாய்லர் அழுத்தம் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். உறைபனி நாளில் பாய்லர் திடீரென நின்றால், வெளிச்சுவரில் ஓடும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றுங்கள், கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். பைக்கர் போன்ற இடங்களில் பொது வெப்ப அமைப்பிலிருந்து சூடு வருவதால், அதற்கு வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது.

ஐந்து திங்கட்கிழமை

வாடகை வாரக் கணக்கு, திங்கட்கிழமை விழும். யுனிவர்சல் கிரெடிட்டோ மாதக் கணக்கு. வாடகை வாரம் 95 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்து மாதம் 411.67 பவுண்டு தருவார்கள். நான்கு திங்கள் வரும் மாதத்தில் வாடகை 380, ஐந்து திங்கள் வரும் மாதத்தில் 475. நான்கு திங்கள் மாதத்தில் மிஞ்சும் 31.67 பவுண்டைத் தொடாமல் வைத்தால்தான் ஐந்தாவது திங்களில் பாக்கி விழாது. முதல் யுனிவர்சல் கிரெடிட் வர ஐந்து வாரம் ஆகும் என்பதை வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கவுன்சில் வசூலிக்கும் வரி) குறைப்பு யுனிவர்சல் கிரெடிட்டோடு தானாக வராது. கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர் ஒருவரே வசித்தால் 25 சதவீதத் தள்ளுபடியும் உண்டு.

பழைய சோபாவை வேனில் ஏற்றிப்போக வருகிறவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் அதைத் தெருவில் கொட்டினால், சரிபார்க்காமல் கொடுத்த உங்களுக்கும் 600 பவுண்டு வரை அபராதம் வரலாம். குப்பைத்தொட்டி நிறங்கள் ஊருக்கு ஊர் வேறு. மறுசுழற்சித் தொட்டியில் தவறானது கலந்தால் அள்ளாமல் போய்விடுவார்கள்.

பூஞ்சணம்

எங்கே, எப்போது வருகிறது என்று பாருங்கள். மழைக்குப் பின் ஓரிடத்தில் மட்டும் ஈரம் படர்ந்தால் கூரையிலோ சுவரிலோ ஒழுக்கு. தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்வரை கறை நின்றால் நிலத்து ஈரம் ஏறுகிறது. அறை மூலையிலும் அலமாரி முதுகிலும் கரும்புள்ளிகள் வந்தால் நீராவி குளிர்சுவரில் படிகிறது. முதல் இரண்டும் உங்கள் கையில் இல்லை. மூன்றாவதிலும் ஈரக்காற்றை வெளியேற்றும் காற்றாடி வேலை செய்யாததும் சுவரில் வெப்பக் காப்பு இல்லாததும் வீட்டு உரிமையாளரின் குறைகளே.

சோறு வடிக்கும்போதும் இட்லி அவிக்கும்போதும் மூடி போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, காற்றாடியை முடிந்தபின்னும் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஈரப்பதமானி மலிவுதான், அளவு தொடர்ந்து 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் குறித்து வையுங்கள். பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், வித்துகள் பறக்கும். கழுவும் முன் படம் எடுங்கள்.

ராச்டேலில் பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். அவன் பெயரால் வந்த சட்டம் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளுக்கு (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகள்) 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும். கடும் ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாளுக்குள் ஆய்வு, ஆய்வு முடிந்து 3 வேலைநாளுக்குள் எழுத்தில் முடிவு, 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்கும் வேலை. முடியாவிட்டால் மாற்று இடம் தர வேண்டும்.

அந்த 24 மணி நேரமும் ஆய்வுக்கான 10 வேலைநாளும் எண்ணப்படுவது, நீங்கள் அறிவித்து உரிமையாளருக்குத் தெரியவந்ததை வைத்துத்தான். அதனால் போனில் சொன்னாலும் அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள்: எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை அகலம், வீட்டில் இருக்கும் குழந்தையின் வயது, ஆஸ்துமா உண்டா, புகார் எண். "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டால் முறையான புகார் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். 5 வேலைநாளில் ஒப்புகை, அதன்பின் 10 வேலைநாளில் பதில் வர வேண்டும். திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு ஒப்புகைக்குப்பின் 20 வேலைநாள். அதற்கும் மேல் வீட்டுப் புகார்களை விசாரிக்கும் சுதந்திர அமைப்பான ஹவுசிங் ஆம்புட்ஸ்மன், கட்டணம் கிடையாது. இரண்டாம் கட்டப் பதில் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், அங்கே போவதற்கான 12 மாதம் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து தொடங்குகிறது.