பழைய அமெரிக்க மசில் கார்: வாங்கும்போதும் திருத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்க அப்பா ஒரு ஹெமி வெச்சிருந்தார்." அமெரிக்காவில் எந்தப் பழைய கார் கண்காட்சிக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒருவராவது இருப்பார். மசில் கார் என்றால் 1960, 70களில் சாதாரணக் காரில் பெரிய இன்ஜின் போட்டு விற்ற வேகக் கார். ஹெமி, கிரைஸ்லர் கம்பெனி அப்படிப் போட்ட மிக வலுவான இன்ஜின். அவர் பொய் சொல்வதில்லை. அப்பா வைத்திருந்தது 383 கன அங்குல இன்ஜின் போட்ட, அதே கிரைஸ்லரின் பிளிமத்தாக இருந்திருக்கும். ஐம்பது வருடத்தில் அது நினைவுக்குள்ளேயே வளர்ந்து 426 ஹெமி ஆகியிருக்கும். உண்மைக் கணக்கு வேறு. ஹெமி இன்ஜினோடு வந்த திறந்த கூரை பிளிமத் 'குடா' 1970இல் 14, 1971இல் 11. அவ்வளவுதான். அந்த 1971 கார்களில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இந்த அளவுக்குப் பணம் புழங்கும் இடத்தில் வெறும் பேச்சை நம்பிக் காசு கொடுப்பதுதான் முதல் தவறு.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, உரிமையாளர் சொல்வதெல்லாம் கதை என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அதே அளவு பெரிய தவறு. 1970இல் வந்த பிளிமத் சூப்பர்பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட கூர்மூக்கு, பின்னால் ஆள் தோள் உயரத்துக்கு ஒரு இறக்கை. ரேஸில் ஓட்ட வேண்டுமானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்ற விதிக்காக 1,900க்கு மேல் செய்தார்கள். ஷோரூமில் வாங்க ஆள் இல்லை. மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரண ரோடு ரன்னராக மாற்றி விற்ற டீலர்கள் உண்டு. "நான் வாங்கும்போது இறக்கை இல்லை, ஆனால் அது சூப்பர்பேர்ட்தான்" என்று ஒரு முதியவர் சொன்னால் சிரித்துவிட்டு நகராதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், பிறகு காரைப் பாருங்கள்.

காரில் எதைப் பார்ப்பது? நிறையப் பேர் நேராக அடையாள எண்ணுக்குப் போகிறார்கள். கிரைஸ்லர் கார் என்றால் அது சரி. 1970 குடாவின் எண்ணில் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 'ஆர்' என்று இருந்தால் ஹெமி. அதே பழக்கத்தில் ஷெவர்லேயின் 1969 கமேரோ எண்ணைப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். எட்டு சிலிண்டரா, எந்த வருடம், எந்த ஆலை என்பது வரைதான் அது சொல்லும். வேக வகைகளான சூப்பர் ஸ்போர்ட்டா, இசட்/28ஆ என்றெல்லாம் சொல்லாது. பான்டியாக் ஜிடிஓவிலும் இதே வம்பு உண்டு. 1964, 65 இரண்டு வருடமும் அது லெமான்ஸ் காரில் ஒரு ஆப்ஷன் மட்டுமே, அதனால் எண்ணில் அடையாளம் இல்லை. 1966இல் தனி மாடல் ஆன பிறகுதான் '242' என்ற தொடக்கம் வந்தது.

இந்த ஓட்டையில்தான் போலிகள் நுழைகின்றன. அப்படிப் போலி செய்யப்படும் கார்களில் ஒன்று 'கோப்போ' கமேரோ. கமேரோ போன்ற கார்களில் இன்ஜின் 400 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று, ஷெவர்லே, பான்டியாக் இரண்டையும் வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி போட்டிருந்தது. டாக்சி, போலீஸ் வண்டிகளுக்குச் சிறப்பு ஆர்டர் எடுக்க வைத்திருந்த 'கோப்போ' என்ற வழியில் போய், சில டீலர்கள் 427 இன்ஜினைக் கமேரோவுக்குள் கொண்டுவந்தார்கள். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்கில் டான் யென்கோ, இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் ஃப்ரெட் கிப். கிப் கேட்டது முழு அலுமினிய 427, அதாவது இசட்எல்1. ஐம்பது கார் ஆர்டர் செய்தார். மொத்தம் செய்யப்பட்டவை 69. இன்ஜினுக்கு மட்டுமே 4,160 டாலர். காரின் விலை 7,200ஐத் தாண்டியது. விற்க முடியாமல் பலவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வெளியே இன்ஜினைச் சொல்லும் ஒரு பேட்ஜ்கூட இல்லாத, பார்க்க ஏழை வீட்டுக் கார் போன்ற கார் அது. அதனால்தான் போலி செய்வது சுலபம்.

இங்கே காகிதம் வேண்டும். பான்டியாக் என்றால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் ஆலை ஆவணங்களின் நகல் தரும். ஃபோர்டு, மெர்குரி கார்களுக்கு 1967 முதல், ஆலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. டீலர் பில், கண்ணாடியில் ஒட்டிய விலைத்தாள், வாரன்டிப் புத்தகத்தோடு வந்த சின்ன உலோகத் தகடு, இவற்றை வீட்டு மேசை டிராயரில் தேட வேண்டியதுதான். அந்தத் தகட்டில் காரின் எண்ணும் இன்ஜின், கியர்பாக்ஸ் விவரங்களும் பொறித்திருக்கும். அழுக்கேறிய பழைய தகடு என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் இன்ஜின். ஷெவர்லே வி8இல் வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, முன்முனையில், விரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். அழுக்கைத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாளும் கம்பிப் பிரஷும் பக்கத்திலேயே வரக்கூடாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முன்னிருந்து பின்னாக ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரியும். ஆலையின் இயந்திரம் இழைத்த தடம் அது. அதன்மேல்தான் எண் குத்தியிருக்கும். 'டி0115' என்று தொடங்கினால் டோனவாண்டா ஆலை, ஜனவரி 15. கோடுகளே இல்லாமல் கண்ணாடி போல வழவழப்பாக இருந்து, எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் ஏதோ ஒரு பட்டறையில் தளத்தைச் சீவியிருக்கிறார்கள். நேர்மையாக இன்ஜின் ஓவர்ஹால் செய்ததாகவும் இருக்கலாம், புதிதாகக் குத்தியதாகவும் இருக்கலாம். அடுத்து இன்ஜின் பிளாக்கில் இருக்கும் வார்ப்புத் தேதியைப் பாருங்கள். 'ஏ 12 9' என்றால் 1969 ஜனவரி 12. முதலில் வார்ப்பு, பிறகு இன்ஜின் பூட்டிய தேதி, கடைசியில் கார் கட்டிய தேதி. இந்த வரிசை குலைந்தால் அந்த இன்ஜின் அந்தக் காரில் பிறந்ததில்லை.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்லக்கூடாது. 1967இல் யென்கோ விற்ற கமேரோக்களில் ஆலை போட்ட இன்ஜினைக் கழற்றிவிட்டு 427ஐ வைத்தது அவருடைய கடையிலேதான். அந்தக் காரில் ஆலை இன்ஜின் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

குதிரைத்திறன் எண்களை ஒப்பிடும்போது வரும் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் எல்டி-1 இன்ஜின் 1970இல் 370, 1972இல் 255. பாதி வித்தியாசம் அளந்த விதத்தில் வந்தது. முன்பு இன்ஜினைத் தனியாக மேசையில் ஏற்றி, ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல், காரில் இருப்பதுபோல இவற்றையெல்லாம் பூட்டிய நிலையில் கணக்கு. 1971இல் அதே எல்டி-1க்கு இரண்டு எண்ணையும் சேர்த்தே வெளியிட்டார்கள்: 330, 275. மீதி வித்தியாசத்தில் பெரும்பகுதி, ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனைக் குறைத்ததால் வந்தது.

இனி, என் மனசை அதிகம் வலிக்கச் செய்கிற தவறு. காரை வாங்கிய மறுநாளே பிரித்துப்போட்டு, சீட்டு ஸ்பிரிங்கையும் கார்பெட்டையும் தூக்கி எறிவது. ஆலையில் ஒவ்வொரு காருக்கும் என்னென்ன பூட்ட வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்று கூடவே வரும். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அதைச் சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகினார்கள், பெட்ரோல் டேங்க் மேலே விட்டார்கள், கார்பெட்டுக்கு அடியில் போட்டார்கள். இன்று அது பழுப்பேறி, எலி கடித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். எடுக்கும் முன்பே படம் எடுங்கள். எண் உங்கள் காருடையதுதானா என்று சரிபாருங்கள். பக்கத்துக் காரின் தாள் தவறி விழுந்திருப்பதும் உண்டு.

பெயிண்டும் அப்படித்தான். பட்டி பார்த்து, தேய்த்து, ஆலையில் ஒருநாளும் இல்லாத பளபளப்பைக் கொண்டுவருவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து ஆலை அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்யவில்லை. சூப்பர்பேர்டின் பின்கண்ணாடியைச் சுற்றிப் போட்ட வெல்டிங் கரடுமுரடாக இருந்ததால்தான் எல்லாவற்றுக்கும் கறுப்பு வினைல் கூரை ஒட்டி மறைத்தார்கள். அதை உரித்து வழவழப்பாக்கிப் பெயிண்ட் அடித்தால் அது வேறு கார். முதல் பெயிண்ட் பாதி இருந்தாலும் அதைக் காப்பாற்றப் பாருங்கள். ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது.

பல வருடம் ஷெட்டில் தூங்கிய காரை பேட்டரி மாட்டி உடனே சாவியைத் திருப்புவது இன்னொன்று. பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதை முழுக்க வடியுங்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். டயர் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பரை நம்பி வேகம் எடுக்காதீர்கள். இன்றைய சாதாரண இன்ஜின் ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் குறைவு. அந்தக் காலத்துத் தட்டை டேப்பட் கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோகும், அதற்கென்று விற்கிற ஆயிலை ஊற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

டெட்ராய்டில் 'பிளாக் கோஸ்ட்' என்று ஒரு கார் இருந்தது. 1970 டாட்ஜ் சேலஞ்சர், 426 ஹெமி, கறுப்பு நிறம். இரவில் உட்வர்ட் அவென்யூவில் வந்து பந்தயம் ஜெயித்துவிட்டுக் காணாமல் போகும். யாருடையது என்று தெரியாது. ஓட்டியவர் காட்ஃப்ரி குவால்ஸ், நகரத்து போலீஸ்காரர். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. சாகும் முன் காகிதங்களை மகன் கையில் கொடுத்தார். 2023இல் அது பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே ஹெமி, அதே நிறத்தில் வேறு கார் வந்தாலும் இந்த விலைக்கு வராது. அவர் பேசாமலே போயிருந்தால் அது இன்னொரு கறுப்பு சேலஞ்சர்.

ஆகவே பழைய உரிமையாளர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். "ஹெமிதானே?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். எந்த டீலர், பணம் எப்படிக் கட்டினீர்கள், அந்தக் கீறல் எப்படி வந்தது, பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முடிந்தால் அவரைக் காரிலேயே உட்காரவைத்துக் கேளுங்கள்.

நான் அப்படிப் பார்த்த ஒரு பெரியவருக்கு, கார் வாங்கிய வருடம்கூடச் சரியாக வரவில்லை. துப்பாக்கிப் பிடி போன்ற அந்தக் கியர் லீவரில் கை வைத்ததும் இரண்டாவது கியர் எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்று காட்டினார். பிறகு திரும்பிப் பின்சீட்டைத் தடவிப் பார்த்தார். அம்மா நீல நூலில் தைத்த ஒரு கிழிசல் அங்கே இருக்க வேண்டும் என்றார். புது சீட்டு போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. பழையதை ஸ்பிரிங்கோடு குப்பை லாரியில் ஏற்றிவிட்டதாகக் காரை வாங்கியவர் மெதுவாகச் சொன்னார்.